கல்லைப் புரட்டினால் நூறு ஓடுகிறது. மண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

கேள்வி: ‘மாடித்தோட்டம்’ என்ற பெயரில் எழுதுபவர், 8 அக்டோபர் 2023

எங்கள் குடியிருப்பில் மூன்று வருடம் முன்னால் இரண்டு கிரவுண்டு இடத்தில் மியாவாக்கி காடு வைத்தோம். இப்போது கல்லைத் தூக்கினால் சாம்பல் நிறத்தில், தட்டையாக, நிறைய கால் வைத்த பூச்சி நூற்றுக்கணக்கில் ஓடுகிறது. வுட்லவுஸ் என்று கூகுள் காட்டுகிறது. நகரம் மண்ணைக் கொன்றுவிட்டது என்று இங்கே ஆளாளுக்குப் புலம்புகிறீர்கள். எங்கள் மண்ணில் நூறு பூச்சி ஓடுகிறதே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: 8 அக்டோபர் 2023, இரவு

முதலில், அது பூச்சியே இல்லை. இறால், நண்டு வகையறா. கடலை விட்டுக் கரையேறி, திரும்பிப் போகாத கூட்டம். காலை எண்ணிப் பாருங்கள், ஏழு ஜோடி இருக்கும். மூச்சு விடுவது வயிற்றுக்கு அடியில் உள்ள தட்டுகளால், அந்த இடம் ஈரமாக இருந்தால்தான் மூச்சு. அதனால்தான் கல்லுக்கு அடி, தொட்டிக்கு அடி, பாத்ரூம் குழாய் ஓரம் என்று ஒதுங்குகிறது. எங்கள் வீட்டில் இதற்குத் தொட்டிப்பூச்சி என்று பேர், பூந்தொட்டியை நகர்த்தினால் கண்ணில் படுவதால். பூச்சி இல்லை என்று இப்போதுதான் சொன்னேன், ஆனாலும் அப்படியேதான் எழுதப் போகிறேன், பழகிவிட்டது.

நூறு இருந்தால் மண் நன்றாக இருக்கிறதா? தெருவில் நூறு காக்கா இருந்தால் ஊரில் பறவைகள் செழிப்பாக இருக்கின்றன என்று சொல்வீர்களா? எந்த வகை நூறு என்று பார்க்க வேண்டும். தொட்டால் உருண்டையாகச் சுருள்கிறதா, ஓடுகிறதா?

9 அக்டோபர் 2023

ஓடுகிறது, சுருளவில்லை, மேலே மாவு பூசியது போல இருக்கிறது, மீசையில் வெள்ளைக் கணு தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படமும் தெளிவாக இருக்கிறது. அப்படியானால் பெரும்பாலும் போர்செல்லியோனைடெஸ் புரூயினோசஸ். மத்தியதரைக்கடல் பக்கத்து ஆள். மனிதன் எரு, குப்பை, செடி, மண் என்று எதை எங்கே கொண்டுபோனாலும் கூடவே போய், இன்று உலகத்தின் பாதி ஊர்களில் எருக்குவியலில் குடியிருக்கிறது.

மியாவாக்கி முறையில் என்ன செய்வார்கள்? ஒரு மீட்டர் அளவுக்கு மண்ணைத் தோண்டி, எரு, தென்னைநார்க் கழிவு, உமி எல்லாம் கலந்து திரும்ப நிரப்பி, நெருக்கமாகக் கன்று நடுவார்கள். 2020 வாக்கில் கோட்டூர்புரத்தில் மாநகராட்சி ஒன்று வைத்ததிலிருந்து சென்னை முழுக்க இதுதான் பேச்சு. அந்த எரு எங்கிருந்து வந்தது? லாரியில். உங்கள் நூறு பேரும் அந்த லாரியில் இலவசப் பயணம் வந்தவர்கள் என்பது என் ஊகம்.

காட்டைத் திட்டவில்லை. மரம் வைத்தது நல்ல காரியம்தான். கல்லுக்கு அடியில் ஓடுவதை அந்த மண்ணின் நலத்துக்குச் சான்றிதழாகக் காட்டாதீர்கள், அவ்வளவுதான்.

9 அக்டோபர் 2023, கொஞ்ச நேரம் கழித்து

காக்கா உதாரணம் கொஞ்சம் திமிராகப் போய்விட்டது. தொட்டிப்பூச்சி உதிர்ந்த இலையை மென்று துண்டாக்குகிறது, அதன் எச்சத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வேகமாக ஏறுகின்றன. தன் எச்சத்தைத் தானே திரும்பத் தின்னவும் செய்யும். வெளியூர் ஆளாக இருந்தாலும் வேலை செய்கிற ஆள்.

15 அக்டோபர் 2023

நகரத்தில் இது ஏன் இவ்வளவு பெருகுகிறது என்று ஒருவர் கேட்டார். எனக்குத் தெரிந்த காரணம் மூன்று. சிமெண்டு, காரை, செங்கல் துண்டு எல்லாம் மழையில் கரைந்து மண்ணுக்குச் சுண்ணாம்பு சேர்க்கின்றன. இதன் ஓடு சுண்ணாம்பால் ஆனது, நத்தைக்கும் அப்படியே. பழைய வீட்டுச் சுவர் ஓரம் இரண்டும் சேர்ந்து கிடப்பது அதனால். இரண்டாவது தண்ணீர். மே மாதம் கிண்டிக் காட்டின் இலைச்சருகு அப்பளம் போல நொறுங்கும், நம் புல்தரைக்கோ தினமும் ஹோஸ் பைப்பில் குளியல். மூன்றாவது, இது விஷத்தை விழுங்கிப் பத்திரப்படுத்தும். செம்பு, துத்தநாகம், காட்மியம், ஈயம் எல்லாவற்றையும் குடலோடு சேர்ந்த சுரப்பியில் பூட்டி வைத்துக்கொண்டு உயிரோடு இருக்கும். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கத்தில் ஏவன்மவுத் என்ற இடத்தில் துத்தநாகம் உருக்கும் ஆலை ஒன்று இருந்தது, அதைச் சுற்றிலும் இவற்றைப் பிடித்து உடம்பில் எவ்வளவு உலோகம் என்று பார்த்து மண்ணின் மாசை அளந்தார்கள்.

நம் ஊரில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றுவிட்டது. ஆனால் ஈயம் மண்ணை விட்டு லேசில் போகாது. எண்பதுகளில் பஸ் புகை குடித்த சாலையோர மண் இன்னும் அதே இடத்தில்தான் கிடக்கிறது, அதன் மேல்தான் இப்போது செம்பருத்தி வைக்கிறோம்.

22 அக்டோபர் 2023

பேச்சு போதும், பார்த்துவிடலாம் என்று குழிப்பொறி வைத்தேன். வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி பிளாஸ்டிக் டம்ளரைப் புதைக்க வேண்டும், நடந்து போகிற ஜீவன் விழும், மேலே மழைக்கு ஒரு சின்னக் கூரை. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள மரத்தோப்பில் ஐந்து, அக்கா வேலை பார்க்கும் கல்வி வளாகத்தின் பழைய புதர்க்காட்டில் அனுமதி வாங்கி ஐந்து. எங்கள் குடியிருப்பு இருக்கும் வேளச்சேரியிலிருந்து அங்கே மூன்று கிலோமீட்டர் இருந்தால் அதிகம்.

முதல் நாள் வீட்டுப் பக்கம் ஐந்து டம்ளரும் காலி. மூஞ்சூறு வந்து பந்தி சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஒரு டம்ளரில் அதன் புழுக்கை மட்டும் நன்றிக்கடனாக.

29 அக்டோபர் 2023

மேலே கம்பி வலை கட்டியபின் சரியாகிவிட்டது. எண்ணிக்கை போட்டு யாரையும் ஏமாற்ற விரும்பவில்லை. பத்து டம்ளர், ஒரு வாரம், இதெல்லாம் ஆராய்ச்சி ஆகாது. ஆனால் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் தோப்பில் விழுந்தவை தொட்டிப்பூச்சி, கரப்பான், எறும்பு, திரும்பவும் தொட்டிப்பூச்சி. வளாகத்துக் காட்டில் தொட்டிப்பூச்சி ஒன்றிரண்டுதான். ஆனால் மரவட்டையில் மட்டும் மூன்று தினுசு, கரும்பச்சை மினுக்கும் தரைவண்டு ஒன்று, பூரான் குட்டி, ஓட்டில் மயிர் முளைத்தது போன்ற குட்டி நத்தை, பேர் தெரியாத சிலந்திகள். மொத்தத் தலை எண்ணினால் எங்கள் தோப்புதான் ஜெயிக்கும்!

இதே கதையைத்தான் ஹங்கேரியில் டெப்ரெசென் நகரத்தில் கருவாலிக் (ஓக் மரக்) காட்டில் பார்த்தார்கள். நகரத்துக்குள் பூங்காவாகிவிட்ட காடு, விளிம்புக் காடு, வெளியே உள்ள முழுக்காடு என்று மூன்று இடத்திலும் இதே மாதிரி குழிப்பொறி. பின்லாந்தின் சூழலியலாளர் யாரி நியெமெலா முன்னின்று தொடங்கிய குளோப்நெட் என்ற கூட்டு முயற்சியின் பகுதி அது, பல நாடுகளில் ஒரே முறையில் தரைவண்டுகளை எண்ணிப் பார்க்கலாம் என்று. டெப்ரெசென்காரர்கள் வண்டோடு நிறுத்தாமல் தொட்டிப்பூச்சியையும் எண்ணினார்கள். அங்கே தெரிந்தது, காட்டை மட்டுமே நம்பி வாழும் வண்டுகள் நகரத்தை நெருங்க நெருங்கக் குறைந்தன. அந்த இடத்தில் திறந்தவெளியிலும் வாழத் தெரிந்தவை வந்து உட்கார்ந்துகொண்டன. மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தவனுக்கு இது தெரியவே தெரியாது.

4 நவம்பர் 2023

‘குழிப்பொறி நடமாட்டத்தைத்தான் அளக்கும், எத்தனை இருக்கின்றன என்பதை அளக்காது’ என்று ஒருவர் குட்டியிருக்கிறார். நியாயம். வெட்டவெளியான தரையில் வேகமாக நடப்பது அதிகம் விழும். சருகு அடர்ந்த காட்டில் அதே ஜீவன் மெல்ல நடக்கும், குறைவாக விழும். மண்ணுக்குள் இருக்கும் புழு விழவே விழாது. போன குறிப்பில் ‘எங்கள் தோப்புதான் ஜெயிக்கும்’ என்றதை வாபஸ் வாங்குகிறேன். தினுசு பற்றிச் சொன்னதை வாங்கவில்லை.

5 நவம்பர் 2023

அதனால் சல்லடை முறை. ஒரு கை சருகை மாவு சலிக்கும் சல்லடையில் போட்டு, அடியில் புனல், புனலுக்கு அடியில் ஸ்பிரிட் ஊற்றிய பாட்டில், மேலே 40 வாட் குண்டு பல்பு. சூடும் வெளிச்சமும் வறட்சியும் தாங்காமல் உள்ளே இருப்பவை கீழே கீழே இறங்கிக் கடைசியில் பாட்டிலில் விழும். நூறு வருடத்துக்கும் மேலான பழைய வித்தை, இத்தாலிக்காரர் பெர்லீஸ் தொடங்கி வைத்தது. குண்டு பல்பு தேடி மூன்று கடை ஏறினேன், எல்.ஈ.டி. காலத்தில் அதைக் கேட்டவனைக் கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார்.

வளாகத்துச் சருகில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் திருவிழா. வாலை மடித்துத் துள்ளும் ஸ்பிரிங்டெயில், உண்ணி மாதிரி குட்டிக் குட்டி மைட், கொடுக்கு வைத்த போலித்தேள் ஒன்று, அரிசி நுனியளவுகூட இல்லை. எங்கள் தோப்புச் சருகில் கொஞ்சம் மைட், எறும்பு, அவ்வளவே. காரணம் யோசிக்க ஒன்றுமில்லை. சருகே இல்லை. ஒரு கை அள்ள நான் வேலி ஓரம் முழுக்க நடக்க வேண்டியிருந்தது.

சல்லடை சமையலறைக்குத் திரும்பாது என்று தீர்ப்பாகிவிட்டது.

12 நவம்பர் 2023

சருகு ஏன் இல்லை? காலை ஆறரைக்கு அக்கா ஒருவர் ஈர்க்குமாறால் தோப்பு முழுக்கப் பெருக்குகிறார். நான் போய், இலை கிடந்தால் மண்ணுக்கு நல்லது, விட்டுவிடுங்கள் என்று பெரிய மனிதன் போலச் சொன்னேன். அவர் சொன்னது: “எனக்குத் தெரியாதா சார்? எங்க ஊர்ல வேப்பிலைய பெருக்கி வயல்லதான் போடுவோம். இங்க ஒரு இலை கெடந்தா சூப்பர்வைசர் போட்டோ எடுத்து குரூப்ல போடுறார்.” பெருக்கிய இலை மூட்டையாகிக் குப்பை வண்டியில் போகிறது. அப்புறம் குடியிருப்போர் சங்கம் காசு கொடுத்து எரு மூட்டை வாங்குகிறது. அதில் தொட்டிப்பூச்சி வருகிறது.

காட்டின் பாதி தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கிறது, நாம் அந்தச் சாணைத்தான் தினமும் பெருக்கிவிடுகிறோம். நகரமயமாதல் என்றால் கான்கிரீட் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஈர்க்குமாறு என் கணக்கிலேயே இல்லை.

13 நவம்பர் 2023

ஈர்க்குமாற்றை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதே என்கிறார் நண்பர். சரி. மிதிபட்டு இறுகிய மண்ணில் காற்றும் நீரும் இறங்காது, பூரானுக்குப் புகுந்து போக வழி இருக்காது. தோப்பு சின்னதாக இருந்தால் நாலு பக்கமும் விளிம்புதான், வெயிலும் காற்றும் நடுவரை வந்து காய்ச்சிவிடும். பறக்கத் தெரிந்தது இன்னொரு தோப்புக்குப் போகும், மரவட்டை நூறடிச் சாலையைக் கடக்குமா? கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர், சுற்றிலும் நகரம். ஒரு காலத்தில் அதோடு ஒட்டி இருந்த காட்டில்தான் 1959-இல் ஐஐடி வந்தது. ஒரு சுவர்தான் நடுவில் என்று நமக்குத் தோன்றும், நத்தைக்கு அது வேறு நாடு.

19 நவம்பர் 2023

நேற்றைய மழைக்குப் பின் ஞாபகம் வந்தது. சேலையூர் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த காலத்தில், எண்பதுகளின் நடுவில், எதிரே பெரிய காலி மனை. முதல் மழை பெய்த மறுநாள் தரை முழுக்கச் சிவப்பு வெல்வெட் துண்டு நடக்கும். பட்டுப்பூச்சி என்போம். சங்கப் பாட்டு மூதாய் என்று சொல்லும் அதேதான். தீப்பெட்டியில் புல் போட்டு அடைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோவோம், மதியத்துக்குள் செத்துவிடும், பாவம். வருடத்தில் சில நாள்தான் மேலே வரும், மிச்ச நாளெல்லாம் மண்ணுக்குள். குஞ்சுப் பருவத்தில் வெட்டுக்கிளி போன்றவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு வளரும். அந்த மனையில் இப்போது அடுக்குமாடி, கீழே கார் நிறுத்தம், டைல்ஸ். தோண்டாத மண்ணும் வேண்டும், புல்லும் வேண்டும், வெட்டுக்கிளியும் வேண்டும், முதல் மழை நேராகத் தரையைத் தொடவும் வேண்டும். இதில் எதை லாரியில் கொண்டுவருவது?

என் மகள் அதைப் பார்த்ததே இல்லை. படத்தைக் காட்டினால் பொம்மை என்றாள்.

10 டிசம்பர் 2023

ஒரு வாரம் கரண்ட் இல்லை, நெட் இல்லை. மிக்ஜாம் புயல் வேளச்சேரியை என்ன செய்தது என்று எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் தோப்பில் இடுப்பளவு தண்ணீர், நாலு நாள்.

தண்ணீர் ஏறிய அன்று மாடிப்படி ஜன்னலிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். காம்பவுண்டு சுவர் முழுக்க ஆப்பிரிக்க நத்தை, வேப்பமரத் தண்டில் தொட்டிப்பூச்சி கூட்டம் கூட்டமாக, நடுவில் ஒரு பூரான், யாரும் யாரையும் தின்னவில்லை. அந்த நத்தையும் வந்தேறிதான், 1847-இல் பென்சன் என்ற வெள்ளைக்காரர் மொரிஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தது. இன்று என் சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

17 டிசம்பர் 2023

தண்ணீர் வடிந்தபின் தோப்பில் சாக்கடைச் சேறும் டீசல் வாடையும். கல்லைப் புரட்டினேன். மண்புழுக்கள் செத்து வெளுத்துக் கிடக்கின்றன. தொட்டிப்பூச்சி வந்துவிட்டது! குறைவுதான், ஆனால் வந்துவிட்டது. வயிற்றுக்கு அடியில் பை மாதிரி இருக்கும் இடத்தில் முட்டையைச் சுமந்துகொண்டு ஒன்று. குஞ்சு அதற்குள்ளேயே பொரிந்து, ஆறு ஜோடிக் காலோடு வெளியே வரும், ஏழாவது ஜோடி பிறகு முளைக்கும். தாய் மரமேறினால் குடும்பமே மரமேறிய மாதிரி. மண்ணில் முட்டை இட்ட மரவட்டைக்கு அந்த வசதி கிடையாது.

சங்கத்தில் சேறு போக பிளீச்சிங் பவுடர் தூவலாம் என்று பேசுகிறார்கள். தோப்பில் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். தூவினார்கள்.

21 ஜனவரி 2024

மாடித்தோட்டம், உங்கள் தனிச்செய்திக்குப் பதில் பொதுவிலேயே. வெள்ளத்துக்குப் பின் மண்புழு இல்லை, உரக்கடையில் வாங்கி விடலாமா என்று கேட்கிறீர்கள். 2021-இல் இதே மாதிரி கேட்ட ஒருவருக்குத் தாராளமாக விடுங்கள் என்று எழுதியிருந்தேன். தப்பு. கடையில் மண்புழு உரத்துக்கென்று விற்பது பெரும்பாலும் ஆப்பிரிக்க யூட்ரிலஸ். உரத்தொட்டிக்குச் சரி, தோப்புக்கு எதற்கு? நம் மண்ணுக்கென்று லாம்பிட்டோ மவுரிட்டி இருக்கிறது, இதே சென்னையில் மண் உயிரியலாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் பல வருடமாக உள்ளூர்ப் புழுக்களை வைத்தே வேலை செய்து காட்டியிருக்கிறார். சருகைப் போட்டு ஈரமாக வைத்தால் அது தானே மேலே வரும்.

இன்னொன்று. நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதிக் காட்டிலிருந்து கனெக்டிகட்டின் கிராமப்புறக் காடு வரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளமாக ஒரு கோடு போட்டு, 80-களின் கடைசியிலிருந்து மண்ணைப் பார்த்து வந்தார்கள். நகரத்துப் பக்கம் மண்ணில் ஈயமும் செம்பும் அதிகம், இலையும் சத்துக் குறைச்சல். ஆக இலை மெதுவாக மக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது தலைகீழ், நகரத்தில்தான் வேகமாக மக்கியது. வெளியிலிருந்து வந்த மண்புழுக்களின் வேலை அது. பனியுகத்தில் பனிப்பாறை மூடியிருந்த அந்த நாட்டில் சொந்த மண்புழுவே கிடையாது, காட்டின் தரையே புழு இல்லாமல் பழகிய தரை. ‘எங்கள் இலை சீக்கிரம் மக்குகிறது’ என்று இங்கே பெருமையடித்தவர்களில் நானும் ஒருவன்.

அதற்காக அமெரிக்கக் கதையை அப்படியே இங்கே பொருத்த முடியாது. இங்கே சொந்தப் புழுவும் உண்டு, இலையைத் தூக்கிப்போகக் கறையானும் உண்டு.

22 ஜனவரி 2024

கறையான் என்று எழுதியதும் ஏழு பேர் மருந்தடிக்கும் ஆளின் நம்பர் கேட்டிருக்கிறீர்கள். போய்யா.

5 மே 2024

கத்திரி. கல்லைப் புரட்டினால் ஒன்றுமில்லை, மண் பாளமாக வெடித்திருக்கிறது. ஏசி தண்ணீர் சொட்டும் இடத்தில் மட்டும் ஒரு தட்டு அகலத்துக்குத் தொட்டிப்பூச்சி மாநாடு. ஒன்று தோலுரித்துக்கொண்டிருந்தது. இது சட்டையைப் பாதிப் பாதியாகக் கழற்றும், பின்பாதி முதலில், ஒரு நாள் போல் கழித்து முன்பாதி. அதனால் பின்பக்கம் புதிதாகவும் முன்பக்கம் பழசாகவும், வேறு வேறு உடம்பை ஒட்டவைத்தது போல இருக்கும்.

பக்கத்துவீட்டுக்காரர் ஏசி தண்ணீரை பக்கெட்டில் பிடிக்கலாமா என்று கேட்டார். அடுத்த வாரம் பிடியுங்கள் என்றேன்.

8 செப்டம்பர் 2024

‘நகரத்தில் புதிதாக ஒன்றும் இருக்காதா, எல்லாம் அழுகையா’ என்று கேட்டவருக்கு: நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில், இத்தனை கோடிப் பேர் நடந்த இடத்தில், சருகுக்குள் பத்து மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு பூரானைக் கண்டுபிடித்து நன்னாரப் ஹோஃப்மானி என்று பேர் வைத்தார்கள், 41 ஜோடிக் கால். புது இனம் மட்டுமில்லை, புதுப் பேரினமே. சந்தோஷப்படுவதற்கு முன் கேளுங்கள், அதன் சொந்தக்காரர்கள் கிழக்காசியாவில் இருக்கிறார்களாம். அதுவும் செடித்தொட்டியில் வந்திருக்க வாய்ப்புண்டு. தொட்டிப்பூச்சி என்று நான் வைத்த பேரை இனி இன்னும் சிலருக்கும் கொடுக்கலாம்.

6 அக்டோபர் 2024

ஒரு வருடம் ஆகிவிட்டது இந்த இழைக்கு. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத பத்தடி இடத்தை மட்டும் பெருக்காமல் விட சங்கம் ஒத்துக்கொண்டது, ஜனவரியிலிருந்து. ஒத்துக்கொண்டது என்பதைவிடக் கவனிக்கவில்லை என்பது சரி. பெருக்கும் அக்கா மற்ற இடத்து வேப்பிலையையும் கொஞ்சம் அங்கேயே தள்ளிவிடுகிறார், நான் கேட்கவில்லை.

நேற்று அந்தச் சருகைச் சலித்தேன். ஸ்பிரிங்டெயில் இருக்கிறது, மைட் போன வருடத்தைவிடக் கண்ணுக்கே அதிகமாகத் தெரிகிறது. மரவட்டை ஒரே தினுசு, இளசு. தரைவண்டு இல்லை. போலித்தேள் இல்லை. பட்டுப்பூச்சி கேட்கவே வேண்டாம்.

7 அக்டோபர் 2024

மரவட்டை இளசு என்றேனே, அது சருகோடு வந்ததா, அங்கேயே இருந்ததா என்று மாடித்தோட்டம் மடக்கியிருக்கிறார். நல்ல கேள்வி. என்னிடமிருந்தே கற்றுக்கொண்டு என்னையே மடக்குகிறார்.

11 அக்டோபர் 2024

வெள்ளத்தில் போன மண்ணுக்குப் பதிலாகத் தோப்புக்கு ஒரு லோடு செம்மண், பத்து மூட்டை எரு வாங்குவதாகச் சங்கத்தில் முடிவாகிவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் பின்பக்கம் கொட்டாதீர்கள் என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். லாரி நாளை காலை ஆறு மணிக்கு. பிரிப்பதற்கு முன் மூட்டைக்கு ஒரு கை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று சல்லடையை வாசலில் எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டில் புதுச் சல்லடை வாங்கி ஒளித்து வைத்திருப்பது வேறு விஷயம்.